லோரேவின் பங்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலரை மணி. எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில் இருக்கும் காகிதக் குப்பைத் தொட்டிக்குள் நான் இடுப்புவரை கவிழ்ந்து கிடந்தேன். அறுபத்தோரு வயது. ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரப் பேருந்தை முப்பத்துநான்கு வருடம் ஓட்டித் தேய்ந்த முதுகு. அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. மேல்மாடிக்காரர்கள் யாராவது சன்னல் வழியே பார்த்திருந்தால், ராப் வீட்டுக்கு ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று முடிவுகட்டியிருப்பார்கள். நான் தேடியது ஒரு காலி அட்டைப்பெட்டி. வறுமை காரணமில்லை, பெருமைதான் காரணம்.

கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு எங்கள் பக்கத்தில் குட்ஸ்லே என்று பெயர். டிசம்பரில் குட்ஸ்லே வாசனை வராத வீடு என்றால், அங்கே ஒன்று சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை விவாகரத்து ஆகியிருக்க வேண்டும். என் மனைவி ரோஸ்விதா வருடத்துக்கு ஒன்பது வகை சுடுவாள். இலவங்கப்பட்டை நட்சத்திரம், நடுவில் ஜாம் வைத்த வட்டம், சோம்பு வாசனையோடு அச்சில் அழுத்தியது, எல்லாவற்றுக்கும் மேலாக வெனிலா பிறை. தொட்டால் உதிரும், வாயில் வைத்தால் கரையும், மேலே பனி மாதிரி பொடிச் சர்க்கரை.

இந்த வருடம் செப்டம்பரில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பூரிக்கட்டையை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். நவம்பரில் நான் மெதுவாகக் கேட்டேன், இந்த வருடம் எப்போது ஆரம்பிக்கிறாய் என்று.

"ஆரம்பிக்கல" என்றாள். "சுடறது நான், திங்கறது ஊர். நான் என்ன பேக்கரியா நடத்தறேன்?"

அன்றே நான் வீட்டிலிருந்த சர்க்கரை, கோதுமை மாவு, தேன், ஜாம் எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் கட்டித் தேவாலயச் சேகரிப்பில் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குள் ஒரு தியாகி எழுந்துவிட்டான். வாழ்க்கையில் முட்டையைக்கூட வேகவைத்துக் கெடுத்த நான், மாவுச்சத்தில்லாத குட்ஸ்லே சுடப்போகிறேன் என்று அறிவித்தேன். ரோஸ்விதா சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் வலித்தது.

முதல் தடவை தேங்காய் மாவு. அது ஆறு முட்டையைக் குடித்தும் தாகம் தீராமல் என்னைப் பார்த்தது. இரண்டாம் தடவை பாதாம் மாவோடு ஏதோ ஒரு புதுமாதிரி இனிப்புப் பொடி. பார்க்க அழகாக வந்தது. வாயில் போட்டால் ஜில்லென்று பல்பசை தின்ற மாதிரி இருந்தது. "பல் விளக்கின மாதிரியும் ஆச்சு, கிறிஸ்துமஸ் கொண்டாடின மாதிரியும் ஆச்சு" என்றாள் ரோஸ்விதா. மூன்றாம் தடவையில் நட்சத்திரங்கள் அடுப்பிலேயே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகி, தட்டைக் கவிழ்த்துத் தட்டியபோது ஓடு மாதிரி உடைந்தன.

பிறகுதான் சர்க்கரை நோயாளிகளுக்காக விற்கும் பிர்ச் மரச் சர்க்கரையைக் கண்டுபிடித்தேன். பெட்டிமேல் வெள்ளை மரங்கள் வரிசையாக நின்றன. பார்த்தாலே மூச்சு சுத்தமானது. இந்த மரத்திலிருந்து ஒரு கெடுதல் வருமா? பொடியும் சர்க்கரை மாதிரியே இருந்தது. இனிப்பும் அதே அளவு. ரோஸ்விதாவின் காலிச் சர்க்கரை ஜாடியில் கொட்டினேன். 'சர்க்கரை' என்று அவள் கையெழுத்தில் எழுதிய சீட்டு அப்படியே இருந்தது. பெட்டியை ஒழுங்காக மடித்துக் காகிதத் தொட்டியில் போட்டேன். எங்கள் ஊரில் மனிதன் செய்யும் தவறுகூட ஒழுங்காகத்தான் இருக்கும்.

அந்தப் பிறைகள் வெந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஐம்பது பிறைகள், அத்தனையும் உதிரும் பதத்தில். ரோஸ்விதா ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு, ஏவால்ட். என்ன, சர்ட்டிஃபிகேட் எழுதித் தரணுமா?"

ஆம், வேண்டும். எனக்கு சர்ட்டிஃபிகேட் வேண்டும். அதைத் தரக்கூடிய ஆள் ஒருவர்தான் கட்டடத்தில் இருந்தார்.

எங்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில் ஏபர்லே. எடை அளவுச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசில் எடைக்கல் வைத்துப் பார்த்து, அரை கிராம் குறைந்தாலும் முத்திரை குத்தாமல் திரும்புவதே அவர் உத்தியோகம். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தத் தராசை அவர் கீழே வைக்கவில்லை. மாடிப்படி பெருக்கும் வாரம் யாருடையதோ அவர்கள் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். என் வாரத்தில் நான் பெருக்கிய படியை அவர் விரலால் தொட்டுப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தையில் முக்கால் பங்கு தூசியைப் பற்றித்தான்.

ஆனால் வருகைக்காலத்தில் தட்டுகள் மாடி ஏறும், மாடி இறங்கும். அது எங்கள் கட்டடத்தின் வழக்கம். ஒரு வீட்டிலிருந்து குட்ஸ்லே தட்டு வந்தால், வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது. ஏபர்லேவின் மனைவி லோரே அனுப்பும் தட்டும் ரோஸ்விதா அனுப்பும் தட்டும் ஒன்றையொன்று படியில் சந்தித்துக்கொள்ளும். லோரே இந்த ஏப்ரலில் இறந்துபோனாள். இப்போது அந்த வீட்டில் அவரும் ஷோர்ஷ் என்ற ஒன்பது வயது டாக்ஸ்ஹுண்ட் நாயும். ஷோர்ஷ் நீளத்தில் சோபா, உயரத்தில் செருப்பு.

சனிக்கிழமை நான் இருபத்துநான்கு பிறைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு இறங்கினேன். சுடும் வாசனையே இல்லாத வீட்டின் கதவை ஏபர்லே திறந்தார்.

"ரோஸ்விதா குடுத்துவிட்டா. எல்லா வருஷமும் போலதான்" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பொய்.

அவர் தட்டை வாங்கி, எண்ணினார். வாய்விட்டு இல்லை, கண்ணால். "இருபத்துநாலு. நன்றி சொல்லுங்க."

அவ்வளவுதான் என் திட்டம். உலகத்தின் மிகக் கறாரான நாக்கு அதைத் தின்று, வித்தியாசம் தெரியாமல், தட்டைத் திருப்பித் தரும்போது ரோஸ்விதாவைப் புகழும். அப்போது நான் சொல்வேன்: சர்க்கரை இல்லை ஏபர்லே சார், மாவு இல்லை, சுட்டது நான்.

ஞாயிறு மாலை அந்தச் செய்முறையைச் சுத்தமாக எழுதிவைக்கத்தான் பெட்டியைத் தேடினேன். செவ்வாய்க்கிழமைகளில் ரோஸ்விதா போகும் சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் விநியோகிக்கலாம் என்று எண்ணம். பெட்டி கிடைத்தது. முற்றத்து விளக்கடியில் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தேன். அளவு இருந்தது. அதற்குக் கீழே, பொருளைச் செய்தவர்கள் தங்கள் கடமை முடிந்தது என்று எறும்பெழுத்தில் போட்டிருந்த வரியும் இருந்தது. 'நாய்களுக்குக் கொடுக்க வேண்டாம். சிறிதளவும் உயிருக்கு ஆபத்து.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாய்க்கு யாராவது கிறிஸ்துமஸ் பிஸ்கட் தருவார்களா?

அந்தச் சிரிப்பு முற்றத்தைத் தாண்டவில்லை.

முதல் மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கு இருபது வழி தோன்றியது. உண்மையைச் சொல்லாமல் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் வழிகள் மட்டும். மனிதன் பயந்தால்தான் எவ்வளவு சுறுசுறுப்பு! மணியை அடித்தேன். ஏபர்லே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கான டை கட்டியிருந்தார்.

"என்ன, ராப்?"

"சும்மாதான். பிஸ்கட்… நல்லாருந்துச்சான்னு ரோஸ்விதா கேட்டா."

"நல்லாருந்துச்சு. காபிக்கு எடுத்தேன். எப்பவும் போலதான் இருந்துச்சு."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சர்ட்டிஃபிகேட். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"ஷோர்ஷ் எங்க?"

"தூங்குறான்."

"அவன்… அவனுக்கு ஏதாவது குடுத்தீங்களா? பிஸ்கட்ல இருந்து?"

ஏபர்லேவின் முகம் அவர் அலுவலகக் கதவு மாதிரி மூடிக்கொண்டது. "நாய்க்கு இனிப்பு குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. நான் சட்டத்த மீறுற ஆள் இல்ல."

"ஒண்ணுகூட இல்லியே?"

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

எனக்கு உயிர் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி நான் மகிழ்ந்தேன். உண்மை சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக் கோட்டுப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து ஷோர்ஷ் வந்தது. யார் மணி அடித்தாலும் குரைத்துக்கொண்டு ஓடிவருகிற நாய். இன்று குரைக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு, ஓடுகிற பேருந்தில் நடக்கும் பயணி மாதிரி வந்தது. குடை வைக்கும் வாளியில் மோதியது. நின்றது. என் செருப்பின்மேல் மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டு, பின்னங்கால்களை எங்கே வைத்தோம் என்று மறந்ததுபோல் உட்கார்ந்தது.

"ஏபர்லே சார்" என்றேன். "அது ரோஸ்விதா சுட்டது இல்ல. நான் சுட்டது. அதுல சர்க்கரை இல்ல. வேற ஒண்ணு இருக்கு. அது நாய்க்கு விஷம்."

பெட்டியை நீட்டினேன். அவர் அதை வாங்கி, டை கட்டிய மனிதர் படிக்கும் நிதானத்தோடு படித்தார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

"எத்தனை சாப்பிட்டான்?" என்றேன்.

அவர் பெட்டியை மடிக்க ஆரம்பித்தார்.

"ஏபர்லே சார், ஒண்ணா ரெண்டா?"

"ஏழு" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ஏழு. லோரேவுக்கு ஏழு. அவளுக்கும் தட்டு வைக்கிறேன் ஞாயித்துக்கெழம. அவ பங்க நான் திங்க முடியுமா? தூக்கிப் போட முடியுமா? அதான் இவனுக்கு. சரிபாதி."

எடை அளவு அதிகாரி. இறந்த மனைவிக்கும் ஒன்று குறையாமல் அளந்து வைத்திருக்கிறார்.

அவசர விலங்கு மருத்துவமனைக்கு நான் போன் செய்தேன். எடுத்த பெண் குரல் பதறவே இல்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. ஒரு பிஸ்கட்டில் எவ்வளவு இருக்கும்? நூறு கிராம் பொடியில் ஐம்பது பிறை சுட்டேன், ஒன்றில் இரண்டு கிராம் என்றேன். நாயின் எடை? "ஒன்பது கிலோ நானூறு" என்றார் ஏபர்லே பின்னாலிருந்து. எப்போது சாப்பிட்டது? மூன்று மணி காபியோடு. இப்போது ஐந்தாகப் போகிறது.

"உடனே கிளம்பி வாங்க. அதோட ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு இறங்கிட்டிருக்கு. முழிப்பு இருக்கா? அப்ப ஈறுல தேன் தடவுங்க. தேன் இல்லேன்னா சர்க்கரைத் தண்ணி. வழியெல்லாம் தடவிக்கிட்டே வாங்க."

தேன். சர்க்கரை. ஏபர்லே சமையலறையில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தார். லோரே எதை எங்கே வைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. காபியைக் கடுங்காபியாகவே குடிக்கிறவர். திறந்த டப்பா எல்லாம் ரவை, உப்பு, பட்டாணி. அவர் உதடு "எங்க வச்ச, எங்க வச்ச" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் படியில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். "ரோஸி! சர்க்கரை!" கத்தியபிறகுதான் நினைவு வந்தது. எங்கள் வீட்டிலிருந்த கடைசிக் கரண்டிச் சர்க்கரையைத் தேவாலயத்துக்குச் சுமந்துகொண்டு போன தியாகி நானேதான்.

ரோஸ்விதா எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு?"

"ஷோர்ஷ் சாகப்போகுது. தேன் வேணும். பக்கத்து வீட்ல கேளு!"

அவள் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. உள்ளே போனாள். ஏதோ தகர வாளி உருண்டது. அடுத்த நிமிடம் கையில் ஒரு ஜாடியும் கரண்டியுமாக இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். காட்டுத்தேன் ஜாடி. அரைவாசி காலி.

"நம்ம வீட்ல தேன் இருக்கா?"

"வாய மூடிட்டு அது வாயத் தொற" என்றாள்.

ஜாடி இருந்த இடம் பிறகுதான் தெரிந்தது. மாடிப்படி துடைக்கும் வாளிக்குள், துணிக்கு அடியில். நான் பெருக்குவதோடு சரி, துடைப்பது அவள்; வீட்டில் என் கை போகவே போகாத ஒரே இடம்.

நான் ஓட்டினேன். பின் இருக்கையில் ஏபர்லே, லோரேவின் சால்வையில் சுற்றிய ஷோர்ஷை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ரோஸ்விதா, விரலில் தேனை எடுத்து எடுத்து அதன் ஈறில் தடவிக்கொண்டு. ஆற்றுப்பாலத்தில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு வந்த கார்கள் ஊர்ந்தன. முப்பத்துநான்கு வருடம் இந்தப் பாலத்தில் பொறுமையாக நின்றவன், அன்று பேருந்துத் தடத்தில் காரை ஏற்றினேன். பின்னாலிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. நியாயம்தான்.

"நக்குதா?" என்று கேட்டேன்.

"நக்குது. கொஞ்சமா" என்றாள் ரோஸ்விதா.

"பாதை பார்த்து ஓட்டுங்க" என்றார் ஏபர்லே. சற்றுநேரம் கழித்து, அதே குரலில்: "எதுக்கு மறைச்சீங்க?"

விளையாட்டாக ஏதாவது சொல்லித் தப்பிப்பது என் பிறவிக்குணம். வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"உங்களுக்கு வித்தியாசம் தெரியுதான்னு பார்க்க" என்றேன்.

"தெரியல" என்றார். "தெரிஞ்சிருக்கணும். முப்பத்தேழு வருஷம் அதுதான் என் வேலை. வாயில வச்சப்ப லோரேகிட்ட சொன்னேன், ரோஸ்விதா கை மாறவே இல்ல பாருன்னு."

கண்ணாடியில் ரோஸ்விதாவின் கண் என் கண்ணைச் சந்தித்தது. அவள் பார்வையை எடுத்துக்கொண்டு மறுபடி ஜாடிக்குள் விரலை விட்டாள். சிறிதுநேரத்தில் சால்வைக்குள் ஷோர்ஷ் உதற ஆரம்பித்தது. கால்கள் ஓடுவதுபோல் அடித்துக்கொண்டன. ஏபர்லே எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அதனிடம் பேச ஆரம்பித்தார். "இருடா. நீயும் போயிடாதடா. இந்த வருஷம் ஒண்ணு போதும்டா."

மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் நாயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சர்க்கரை நீர் நரம்பில் ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஈரலுக்கு என்ன ஆகும் என்று இன்று தெரியாது. மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும்.

"யார் சுட்டது?" என்றார், தாளில் எழுதிக்கொண்டே.

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நான் கையைத் தூக்கினேன்.

"தேன் தடவினது யாரு?"

ரோஸ்விதா பிசுபிசுத்த கையைக் காட்டினாள்.

"அதுதான் இங்க வரைக்கும் கொண்டுவந்துச்சு" என்றார் மருத்துவர்.

அன்று வீடு திரும்பியபின், தேன் ஜாடி எங்கள் சமையல் மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய காலைச் சர்க்கரை இத்தனை நாளாக இருநூறுக்குக் கீழே இறங்க மறுத்தது ஏன் என்று இப்போது புரிந்தது. என் பிஸ்கட்டில்தான் கோளாறு என்று நான் மாவை மாற்றி மாற்றிப் பிசைந்திருக்கிறேன்.

"எத்தனை நாளா?"

"நவம்பர்லேர்ந்து."

"ஏன் ரோஸி? நான் இவ்ளோ கஷ்டப்பட்டு…"

"அதான்" என்றாள். "நீ இவ்ளோ கஷ்டப்பட்டு. ரொட்டிய மாத்தின. நூடுல்ஸ மாத்தின. பிஸ்கட்ட மாத்தின. ஜாடில என் கையெழுத்த வச்சுக்கிட்டே உள்ள இருக்கறத மாத்தின. எனக்கு மாத்தாத ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. ஒரு கரண்டி. ஒளிஞ்சு நின்னு, படி துடைக்கற துணிக்குப் பக்கத்துல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "ருசியாகூட இல்ல, ஏவால்ட். ப்ளீச் வாசனை வரும்."

"பிறை நல்லாருக்குன்னு சொன்னியே."

"நல்லாத்தான் இருந்துச்சு. அத எனக்காக சுட்டியா, ஏபர்லேவ ஜெயிக்கறதுக்கு சுட்டியா?"

முதல் தட்டு உனக்காக, கடைசித் தட்டு அவருக்காக என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது உண்மை என்பதுதான் தொந்தரவு.

திங்கட்கிழமை ஏபர்லே தொலைபேசியில் ஒரே வரி சொன்னார். "ஈரல் கணக்கு ஏறியிருக்கு." செவ்வாய்க்கிழமை: "இன்னும் ஏறியிருக்கு." ரோஸ்விதா கூட்டத்துக்குப் போகவில்லை. நான் செய்முறையை எழுதவில்லை. அந்த வாரம் படி பெருக்கும் பலகை அவர் கதவில் தொங்கியது. அவர் நாள் முழுக்க மருத்துவமனையில் இருந்ததால், நான் அதைக் கழற்றி என் கதவில் மாட்டிக்கொண்டு பெருக்கினேன். கைப்பிடியைத் துடைத்தேன், விளக்குகளைத் துடைத்தேன், நிலவறைப் படியைக்கூட. மாலையில் பார்த்தால் பலகை மறுபடி அவர் கதவில். கோட்டைக் கழற்றாமலே அவர் முதல் படியிலிருந்து மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பெருக்கியது அவர் தராசில் செல்லவில்லை. மேலே நின்று பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் தூசியைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

புதன்கிழமை போன் வரவில்லை. பதினோரு மணி, பன்னிரண்டு, ஒன்று. ரோஸ்விதா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். "நீ போய்க் கேளு" என்றாள். "நீ கேளு" என்றேன். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கீழே வெளிக்கதவு திறந்தது. கல்தரையில் நகம் உரசும் சத்தம். டக், டக், டக். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முதல் படி. இரண்டாம் படி. நின்றுவிட்டது. பிறகு ஏபர்லேவின் குரல், "சரி, வா, தூக்கிக்கிறேன்." பிறகு அவர் காலடி மட்டும், கனமாக.

ரோஸ்விதா முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணாடி மங்கிவிட்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் வாசலில் பீங்கான் சத்தம் கேட்டது. திறப்பதற்குள் ஆள் இல்லை. விரிப்பின்மேல் எங்கள் தட்டு. வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்ற வழக்கத்தை ஏபர்லே மீறவில்லை. என் பிறைகளே அதில் இருந்தன, பத்து. இருபத்துநாலில் அவருக்கு ஏழு, லோரேவுக்கு ஏழு, மீதி பத்து. ஒன்றுகூட உடையாமல் வட்டமாக அடுக்கியிருந்தார். நடுவில் ஒரு சீட்டு, அதிகாரிக் கையெழுத்தில்:

'ஷோர்ஷ் இன்று காலை சோறும் கோழியும் சாப்பிட்டான். ஈரல் கணக்கு இறங்குகிறது. முழுதும் சரியாகுமா என்பது ஜனவரிப் பரிசோதனையில்தான் தெரியும். அடுத்த வருடம் தட்டின்மேல் சேர்மானம் எழுதி வைக்கவும். கிராமில்.'

நான் அதை இரண்டுமுறை படித்தேன். சத்தமாகப் படித்துக் காட்டும்போது 'அடுத்த வருடம்' என்ற இடத்தில் என் குரல் சறுக்கியது. ரோஸ்விதா சீட்டை வாங்கித் தானும் படித்தாள்.

"மன்னிச்சுட்டாரா?" என்றேன்.

"கிராமில்னு எழுதியிருக்காரு" என்றாள். "மன்னிக்கல. ஆனா தட்டு வேணுமாம்."

அவள் எழுந்து போய், வழக்கமாக நான்தான் எடுத்துவரும் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். எப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை என்னிடம் நீட்டுகிறவள். இன்று தானே குத்திக்கொண்டாள், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு. எண் வரும்வரை இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம். நூற்றுத் தொண்ணூற்றாறு. தேன் ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள். தூக்கிப் போடு என்று சொல்லவில்லை, எங்கே வைக்கலாம் என்றும் சொல்லவில்லை. நானும் அதைத் தொடவில்லை.

பிறகு தட்டிலிருந்து ஒரு பிறையை எடுத்துக் கடித்தாள். நான் அவள் வாயையே பார்த்தேன். சரியாகப் பாதி மென்றபின் நிறுத்தினாள்.

"கொடுமை என்ன தெரியுமா?" என்றாள். "இன்னும் நல்லாவே இருக்கு."

நான் 'சர்க்கரை' ஜாடியை எடுத்துவந்து, அவள் எழுதிய பழைய சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். இருபது வருடப் பசை. லேசில் வரவில்லை. கீழே ஷோர்ஷ் ஒருமுறை குரைத்தது. யார் மணி அடித்தார்களோ, தெரியவில்லை. நாங்கள் இருவரும் அடுத்த குரைப்புக்காகக் காத்திருந்தோம்.